கை காத்திருக்காது, கழுத்து காத்திருக்கலாம்

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. 8 மாதங்களுக்கு முன்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்து இழுத்துவிட்டாள். கழுத்தின் வலப்பக்கமும் மார்பும் வெந்துபோயின. பாத்திரத்தைப் பிடித்த வலது உள்ளங்கையும் பொசுங்கிவிட்டது. கழுத்துக்கும் மார்புக்கும் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். உள்ளங்கையைத் தானாக ஆறட்டும் என்று விட்டார்கள். ஆற 5 வாரம் ஆனது. இப்போது நடுவிரலும் மோதிர விரலும் உள்பக்கமாக மடங்கி நிற்கின்றன, நிமிர்த்த முடியவில்லை. கழுத்துத் தழும்பு தடித்துச் சிவந்திருக்கிறது, அண்ணாந்து பார்த்தால் இழுக்கிறது. இரவெல்லாம் அரிப்பு. தழும்பு தடிக்காமலிருக்கக் கொடுத்த இறுக்கமான அழுத்த உடையைப் போட்டுவிட்டால் பிய்த்து எறிகிறாள். ஒரு மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார். இன்னொருவர் தழும்பு முதிர 2 வருடம் பொறுங்கள் என்கிறார். வளர்ந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே தடவையாகச் செய்துகொள்ளலாம் என்பது வீட்டாரின் யோசனை. யார் சொல்வதைக் கேட்பது? திரும்பத் திரும்ப மயக்க மருந்து கொடுத்தால் ஆபத்தில்லையா? அவள் பழையபடி ஆவாளா?

பதில்: இரண்டு மருத்துவர்களுமே சரியாகச் சொல்லியிருக்கக்கூடும். ஒருவர் கையை மனத்தில் வைத்துப் பேசியிருப்பார், மற்றவர் கழுத்தை. தீக்காயத் தழும்புக்கு உடம்பு முழுவதற்கும் சேர்த்து ஒரு தேதி குறிக்க முடியாது. இடத்துக்கு இடம் கணக்கு வேறு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கைக்கான அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. கழுத்துக்குப் பொறுக்கலாம், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு பொறுக்கக் கூடாது. வளர்ந்த பிறகு ஒரேயடியாகச் செய்வது என்ற யோசனையை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். அது அவளுடைய எந்தத் தழும்புக்கும் பொருந்தாது.

முதலில் கை. உள்ளங்கைத் தீக்காயம் ஆறிய முதல் சில மாதங்களில், ஸ்பிளின்ட்டையும் (விரல்களை நேராகப் பிடித்துவைக்கும் தாங்கி) நீட்டல் பயிற்சியையும் விடாமல் செய்தாலே பல குழந்தைகளுக்கு விரல்கள் நிமிர்ந்துவிடும். அந்தக் கட்டத்தில் கத்தி எடுக்காமல் காத்திருப்பது நியாயம். ஆனால் 8 மாதமாகியும் விரல் நிமிரவில்லை என்றால், இறுகியிருப்பது இனி தோல் மட்டுமாக இருக்காது. மடங்கியே கிடக்கும் விரலில் மூட்டின் உள்பக்க உறையும் தசைநார்களும் சுருங்கத் தொடங்கும். விரலின் இருபக்கமும் ஓடும் ரத்தக்குழாய்களும் நரம்புகளும்கூட அந்தக் குட்டை நீளத்துக்குப் பழகிவிடும். இதற்கு நடுவே எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கும், தழும்பு அதற்கு ஈடாக வளராது. வருடக்கணக்கில் விட்டால் மூட்டின் வடிவமே மாறும். அதன்பின் தோலை மட்டும் சரிசெய்து விரலை நிமிர்த்த முடியாது. இன்னொரு காரணமும் உண்டு: பொருள்களைப் பிடிக்கவும் பிரிக்கவும் எழுதவும் அவள் கை பழகும் வயது இது. மடங்கிய கையை ஒதுக்கிவிட்டு இடது கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிட்டால், பிறகு சரிசெய்த கையைக்கூடப் பயன்படுத்த வைப்பது கடினம்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். உள்ளங்கை கீழே இருக்கும்படி அவள் கையை ஒரு மேசையில் வைத்து லேசாக அழுத்துங்கள். விரல்கள் மேசையோடு ஒட்டிக் கிடக்கின்றனவா, அல்லது அடியில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா? மாதம் ஒருமுறை, பக்கவாட்டிலிருந்து, ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். இடைவெளி குறையாமலோ கூடியோ இருந்தால் அந்தப் படங்களே மருத்துவரிடம் உங்களுக்காகப் பேசும்.

அறுவை சிகிச்சையில் நடப்பது இது. தழும்பு மிக இறுகிய இடத்தில் குறுக்காக வெட்டி, விரல்கள் நிமிரும்வரை தழும்பை விடுவிப்பார்கள். விடுவித்ததும் அங்கே ஒரு பள்ளம் திறக்கும். வெளியே தெரிந்த தழும்பைவிட அது எப்போதும் பெரிதாகவே இருக்கும், ஏனென்றால் உண்மையில் எவ்வளவு தோல் குறைந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும். அந்த இடத்தைத் தோல் ஒட்டால் மூட வேண்டும். கழுத்துக்கு எடுத்ததுபோலத் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து இங்கே ஒட்டினால் அது மறுபடி சுருங்கும். ஒட்டுத்தோல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு அதிகமாகச் சுருங்கும் என்பதால், குழந்தையின் உள்ளங்கைக்குப் பெரும்பாலும் முழுத்தடிமன் தோலைத்தான், அதாவது தோலின் முழு ஆழத்தோடு எடுத்த ஒட்டைத்தான், தேர்ந்தெடுப்பார்கள். அதை அடிவயிற்று மடிப்பிலிருந்தோ மேற்கையின் உள்பக்கத்திலிருந்தோ எடுத்து, எடுத்த இடத்தைத் தையல் போட்டு மூடிவிடுவார்கள். அங்கே ஒரு கோடு மட்டும் மிஞ்சும். அடிவயிற்றிலிருந்து எடுப்பதானால் இடுப்பெலும்புப் பக்கமாக ஒதுங்கி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நடுப்பக்கம் நெருங்கி எடுத்த தோலில் பருவ வயதில் முடி முளைக்கும், அதுவும் உள்ளங்கையில். நிறத்தைப் பற்றியும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: அந்தத் தோல் உள்ளங்கையின் வெளிர் நிறத்துக்கு வராது, கருத்தே இருக்கும். பாதத்தின் உள்வளைவிலிருந்து எடுத்தால் நிறமும் தன்மையும் நன்றாகப் பொருந்தும், ஆனால் அங்கே கிடைக்கும் தோல் கொஞ்சம்தான்.

விரல்களை நேராக நிறுத்த 2 முதல் 3 வாரம் மெல்லிய கம்பிகளை உள்ளே வைப்பதுண்டு. பயப்பட வேண்டாம், எடுப்பது சில நொடி வேலை. இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நல்லது. பல மாதம் மடங்கிக் கிடந்த விரலை ஒரேயடியாக நிமிர்த்தினால் ரத்தக்குழாய் இழுபட்டு விரல்நுனி வெளுத்துவிடலாம். அப்படியானால் அறுவை மருத்துவர் விரலைச் சற்று மடக்கியே விட்டு, மீதி நிமிர்வை ஸ்பிளின்ட்டிடம் ஒப்படைப்பார். விரல் முழுதாக நிமிரவில்லையே என்று அப்போது மனம் தளராதீர்கள். விரலைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது.

ஒட்டிய தோலுக்கு முதல் 2 நாள் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அடியிலிருந்து ஊறும் நீரை உறிஞ்சித்தான் பிழைத்திருக்கும். அதன் பிறகு ஏறக்குறைய 5 நாளுக்குள் அடித்தளத்தின் நுண்குழாய்கள் அதோடு இணையும். இந்த நாள்களில் ஒட்டு சிறிது நகர்ந்தாலும், அடியில் ரத்தம் கட்டினாலும், கிருமி புகுந்தாலும் அந்தப் பகுதி பிடிக்காமல் போகும். ஒட்டின் மேல் பஞ்சுப் பொதியை வைத்து இறுக்கிக் கட்டி, 5 முதல் 7 நாள் பிரிக்காமல் விடுவது இதனால்தான். இந்த வயதில் முழங்கைக்குக் கீழோடு நிறுத்திய கட்டு தங்காது. சாக்ஸைக் கழற்றுவதுபோல உருவி எறிந்துவிடுவார்கள். முழங்கையை மடித்து, அதற்கு மேல்வரை மாவுக்கட்டு போடுவார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். விரல்நுனிகள் வெளியே தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு நுனியை அழுத்தி விடுங்கள். 2 நொடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். நுனி வெளுத்தோ நீலமாகவோ சில்லென்றோ இருந்தால், கட்டிலிருந்து துர்நாற்றம் வந்தால், கட்டு நனைந்து ஊறினால், காய்ச்சல் வந்தால், நாளாக நாளாக வலி குறைவதற்குப் பதில் கூடினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதுவரை சொன்னது பாதி வேலைதான். குழந்தைகளின் கையில் இறுக்கம் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் கத்தி காரணமாக இருப்பதில்லை. கம்பியை எடுத்த நாளுக்கும் ஸ்பிளின்ட் கைக்கு வந்த நாளுக்கும் இடையே விழுந்த இடைவெளிதான் காரணமாக இருக்கும். ஒட்டுத்தோல் பிடித்த பிறகு முதல் சில மாதங்கள் அது சுருங்க முயன்றுகொண்டே இருக்கும், 2 வாரம் சும்மா விட்டால்கூடப் பெற்றதில் கொஞ்சம் கைநழுவிப் போகும். கட்டுப் பிரிக்கும் அதே நாளில், மணிக்கட்டு சற்றே பின்னால் சாய்ந்து, விரல்கள் நேராகவும் ஒன்றுக்கொன்று விலகியும், கட்டை விரல் வெளியே விரிந்தும் இருக்கும்படி ஸ்பிளின்ட் செய்து மாட்ட வேண்டும். புறங்கை வெந்த குழந்தைகளுக்கு வைக்கும் நிலை வேறு. அதில் விரல்களின் அடிமூட்டு மடங்கியிருக்கும். அந்த நிலையில் செய்த ஸ்பிளின்ட் உங்கள் மகளுக்குத் தீங்கு செய்யும். அதனால் செய்து கொடுப்பவரிடம் காயம் உள்ளங்கையில் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முதல் 6 முதல் 8 வாரம் குளியல், பயிற்சி, கையை உபயோகித்து விளையாடும் நேரம் தவிர இரவு பகலாக ஸ்பிளின்ட் இருக்க வேண்டும். பிறகு குறைந்தது 6 மாதம், முடிந்தால் தழும்பு முதிரும்வரை, இரவில் மட்டும் போதும். தூங்கிய பிறகு மாட்டி, மேலே ஒரு நீளமான சாக்ஸை இழுத்துவிட்டால் கழற்ற மாட்டாள். கழற்றிய பின் தோலில் சிவப்புத் தடம் அரை மணி நேரத்துக்கு மேல் மறையாமல் இருந்தால் அந்த இடம் குத்துகிறது. ஸ்பிளின்ட்டைக் கொண்டுபோய்த் திருத்துங்கள், நீங்களே துணி திணித்துச் சமாளிக்காதீர்கள். சில மாதங்களில் கை வளர்ந்துவிடும், அப்போது புதிதாகச் செய்ய வேண்டும். ஒட்டிய தோலில் உணர்ச்சி திரும்பப் பல மாதம் ஆகும் என்பதால் சூடான பொருளைத் தொட்டாலும் அவளுக்குத் தெரியாமல் போகலாம். குளிக்கும் நீரை நீங்கள் தொட்டுப் பார்த்த பிறகே அவள் கை அதில் படட்டும்.

இனி கழுத்து. தழும்பு முதிர 12 முதல் 18 மாதம் ஆகும், குழந்தைகளுக்கு 2 வருடம்கூட ஆகலாம். சிவப்பும் கருஞ்சிவப்பும் மங்கி, தட்டையாகி, கிள்ளினால் மடங்கும் அளவுக்கு மென்மையாகி, அரிப்பும் நின்றால் முதிர்ந்துவிட்டது என்று பொருள். சிவந்து தடித்த நிலையில் வெட்டினால் புதுத் தழும்பும் அதே வேகத்தில் தடிக்கும். அதனால்தான் பொறுக்கச் சொல்கிறார்கள். ஆனால் பொறுப்பதற்கு ஒரு எல்லை உண்டு. அண்ணாந்து கூரையைப் பார்க்கும்போது அவளால் வாயை மூட முடிகிறதா? கீழுதடு வெளியே மலர்ந்து எச்சில் வழிகிறதா? மல்லாந்து படுக்கும்போது தலை தரையில் படியாமல் முகவாய் இழுபடுகிறதா? உதடோ முகவாயோ இழுபடத் தொடங்கினால் முதிர்வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அறுவை சிகிச்சையை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். தாடை வளர்ச்சியும் பல் வரிசையும் அதைப் பொறுத்திருக்கின்றன. இதே கணக்குத்தான் மற்ற இடங்களுக்கும்: கண்ணிமை மூடாமல் கருவிழி உலர்ந்தால், வாய் சுருங்கி உணவு உள்ளே போகாவிட்டால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

காத்திருக்கும் காலத்தில் தலையணையை எடுத்துவிடுங்கள். ஒரு துண்டைச் சுருட்டித் தோளுக்கு அடியில் வைத்துத் தூங்கப் பழக்கினால் இரவு முழுக்கக் கழுத்து நீண்டிருக்கும். முகவாய் நெஞ்சை நோக்கிக் குனிந்த நிலைதான் குழந்தைக்குச் சுகம், அந்தச் சுகமான நிலையில்தான் தழும்பு இறுகும். ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறை, ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 நிமிடம், வாசனையில்லாத ஈரப்பதக் கிரீம் தடவிக் கட்டை விரலால் சிறு வட்டங்களாக நீவுங்கள். தழும்பு வெளுக்கும் அளவுக்கு அழுத்தம் வேண்டும். மேலோட்டமாகத் தடவினால் பயனில்லை. கொப்புளம் வந்தால் ஆறும்வரை அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நீவி முடித்ததும், தலையைப் பின்னால் சாய்த்துத் தழும்பு இழுபடும் நிலையில் 30 நொடி நிறுத்துங்கள். வெயிலில் போகும்போது துணி மறைப்பும், மறைக்க முடியாத இடத்துக்கு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் வேண்டும். புதுத் தழும்பு வெயிலில் கருத்தால் அந்தக் கறுப்பு எளிதில் போகாது.

அழுத்த உடையை ஒரு நாளில் 23 மணி நேரம் போட வேண்டும் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். முதல் நாளே 23 மணி நேரம் எந்தக் குழந்தையும் தாங்காது. 1 மணி நேரத்தில் தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் ஏற்றிக்கொண்டு போங்கள். போடுவதற்கு முன் கிரீமை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஈரம் அடியில் தங்கினால் தோல் ஊறி அரிக்கும், கிரீம் பட்டால் துணியின் இழுவையும் கெடும். 2 உடைகள் இருந்தால் ஒன்றைத் துவைத்து மற்றதை மாட்டலாம். 2, 3 மாதத்தில் உடை தளர்ந்துவிடும் அல்லது அவள் வளர்ந்துவிடுவாள், அப்போது அளவெடுத்து மாற்ற வேண்டும். தளர்ந்த உடையைப் போடுவதும் போடாததும் ஒன்றுதான். அவள் பிய்த்து எறிவதைப் பிடிவாதம் என்று எண்ணாமல், முதலில் அக்குளிலும் முகவாய் ஓரத்திலும் தையல் அழுத்துகிறதா என்று பாருங்கள். கழுத்து உடை தாடையையும் சேர்த்து அழுத்துவதாக இருந்தால் 6 மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடமும் காட்டுங்கள். வளரும் தாடையில் தொடர் அழுத்தம் விழுவதைக் கவனிக்க வேண்டும். உடை சரியாகப் பதியாத கழுத்துப் பள்ளத்துக்குச் சிலிக்கான் ஷீட் (தழும்பின் மேல் ஒட்டும் மென்மையான தகடு) வைக்கலாம். நாளுக்கு 2, 3 மணி நேரத்தில் தொடங்கி 12 மணி நேரத்துக்கு மேல் கொண்டுபோங்கள். தினமும் ஷீட்டையும் தோலையும் கழுவுங்கள். புண் இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

அரிப்பைச் சின்ன விஷயமாக எந்த மருத்துவரும் ஒதுக்க விடாதீர்கள். தூக்கம் கெட்டால் குழந்தை சாப்பிடாது, பயிற்சிக்கும் ஒத்துழைக்காது. சொறிந்து புண்ணானால் தழும்பு இன்னும் தடிக்கும். அறை சூடாக இருக்க வேண்டாம், படுக்குமுன் வெந்நீரும் வேண்டாம், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், இரவில் ஒருமுறை கூடுதலாகக் கிரீம் தடவுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் அலர்ஜிக்குத் தரும் அரிப்பு மருந்தை எடைக்கேற்ற அளவில் மருத்துவர் தருவார். அதற்கும் கேட்காத அரிப்பு நரம்பு வழியாக வருவதாக இருக்கலாம். அதற்கு காபாபென்டின் போன்ற மருந்து உண்டு. கேட்டு வாங்குங்கள்.

தழும்பு முதிர்ந்த பிறகும் கழுத்து இழுத்தால், அப்போது என்ன செய்வார்கள் என்பது தழும்பின் உருவத்தைப் பொறுத்தது. கயிறுபோல ஒற்றைக் கோடாக இறுகி, இருபுறமும் நல்ல தோல் இருந்தால் இசட்-பிளாஸ்டி போதும்: 60 டிகிரி கோணத்தில் இரண்டு முக்கோண மடல்களை வெட்டி இடம் மாற்றித் தைப்பார்கள். கணக்குப்படி அந்தக் கோடு ஏறக்குறைய 75 சதவீதம் நீளும், நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். தழும்பு அகலமாக இருந்தால் முழுதாக விடுவித்துத் தோல் ஒட்ட வேண்டும். அதன் பிறகு மாதக்கணக்கில் கழுத்துக் காலர். இரண்டுக்கும் நடுவில், தடிப்பையும் அரிப்பையும் குறைக்கத் தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி, லேசர் ஆகியவையும் உண்டு. லேசரைப் பல வார இடைவெளியில் பல தடவை செய்ய வேண்டும். இறுகிய மூட்டை அது விடுவிக்காது.

மயக்க மருந்து பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்பத் தரப்படும் மயக்கம் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் எச்சரித்தது. உங்கள் மகள் அந்த வயதைக் கடந்துவிட்டாள். தேவையான அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லும் எச்சரிக்கையும் அல்ல அது. அவள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது கழுத்தைப் பற்றித்தான். கழுத்து பின்னால் சாயாவிட்டால் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது சிரமம். கைக்குச் செய்யும் அறுவை சிகிச்சை என்பதால் கழுத்தை யாரும் கவனிக்காமல் விட வாய்ப்புண்டு. மயக்க மருத்துவர் முந்தைய நாளே அவள் கழுத்தைப் பார்க்கட்டும். திட உணவும் பாலும் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்புவரை தரலாம். உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே கடைப்பிடியுங்கள். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். 2 முதல் 4 வாரம் தள்ளிப் போவதால் கைக்கு ஒன்றும் ஆகிவிடாது. கம்பி எடுப்பது, ஸ்டீராய்டு ஊசி, ஸ்பிளின்ட்டுக்கு அளவெடுப்பது ஆகியவற்றை ஒரே மயக்கத்தில் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேட்டால் எண்ணிக்கையும் குறையும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்பில் ஒட்டுப் போட்ட பெண் குழந்தைக்கு, மார்பக மொட்டு (பிறகு மார்பகமாக வளரும் திசு) தழும்புக்கு அடியில் நலமாகவே இருக்கலாம். பருவம் தொடங்கும்போது அது வளர இடமில்லாமல் தழும்பு அமுக்கும். பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள் வளர்ச்சி தொடங்கும். ஒருபக்கம் மட்டும் எழும்பாமலோ வலித்தோ இருந்தால் அப்போதே காட்டினால், தழும்பை விடுவித்து வளர வழி செய்யலாம். இன்றைக்கு மார்புத் தழும்பை அழகுக்காக வெட்டி எடுக்க யாராவது முன்வந்தால் சம்மதிக்காதீர்கள். மொட்டுக்குச் சேதம் வந்தால் ஈடுகட்ட முடியாது.

அவள் பழையபடி ஆவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். தழும்பு மறையாது. எந்த அறுவை சிகிச்சையும் தழும்பை அழிப்பதில்லை, இறுகிய தழும்பை இறுகாத தழும்பாக மாற்றும், அவ்வளவுதான். ஆனால் விரலை நீட்டி மடக்கி எழுதுவாள், எதையும் பிடிப்பாள், கழுத்தைத் திருப்புவாள், இதை நம்பலாம். வளரும் வேகம் கூடும் காலங்களில் கை மறுபடி இறுகலாம், இன்னொரு முறை விடுவிக்க வேண்டிவரலாம். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல், வளர்ச்சி முடியும்வரை வருடம் ஒருமுறையாவது காட்டுங்கள். கண்ணாடியை அவளிடமிருந்து மறைக்காதீர்கள். யாராவது கேட்டால் சொல்ல அவளுக்கு ஒரு வரி கற்றுக்கொடுங்கள்: "சுடுதண்ணி கொட்டிடுச்சு, இப்ப வலிக்கல." பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரிடம் ஸ்பிளின்ட்டையும் உடையையும் பற்றி முன்பே பேசிவிடுங்கள். அடுப்பருகே நடந்ததற்கு உங்களையே நீங்கள் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பது கடிதத்தின் எழுத்திலேயே தெரிகிறது. அதனாலேயே, நீவும்போது அவள் அழுதால் பாதியில் நிறுத்திவிட உங்களுக்குத் தோன்றலாம். அந்த வேலையைச் சில நாள் அவள் அப்பாவோ பாட்டியோ எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த வாரம் கையைக் காட்டச் செல்லும்போது பிளாஸ்டிக் சர்ஜனோடு, ஸ்பிளின்ட் செய்பவரையும் அதே நாளில் பாருங்கள். கட்டுப் பிரிக்கும் நாளில் அவர் அங்கே இருப்பாரா என்று கேட்டு, அவருடைய தேதியை வாங்கிக்கொண்ட பிறகே அறுவை சிகிச்சைக்கு நாள் குறியுங்கள்.